மாப்பிள்ளைக்கு ஒரு மான்ஷன் கடிதம்

நிஷிகசாய், தோக்கியோ

அன்புள்ள மாப்பிள்ளை கார்த்திக்கு,

இங்கே நீ வாங்க நினைக்கும் மான்ஷன் வீட்டைப் பற்றிச் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய படங்கள் வந்தன. சமையலறையைப் பார்த்ததுமே உன் அத்தை "வாங்கச் சொல்லுங்க" என்றுவிட்டாள். என் கண் போனது படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் கட்டிய ஆண்டு என்று போட்டிருந்த 1979-இல்.

இங்கே மான்ஷன் என்றால் கான்கிரீட் அடுக்குமாடி. திருவல்லிக்கேணி மேன்ஷனை நினைத்துக்கொள்ளாதே. நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கான புதிய கட்டட விதி 1981 ஜூன் 1-ஆம் தேதி வந்தது. கட்டி முடித்த தேதி அல்ல, கட்ட அனுமதி வாங்கிய தேதிதான் கணக்கு. 1982-இல் குடிபுகுந்த கட்டடமும் பழைய விதிப்படி எழும்பியிருக்கலாம். பழசெல்லாம் இடிந்துவிடும் என்று சொல்லவில்லை. சோதித்து வலுப்படுத்திய கட்டடங்களும் உண்டு. அந்தச் சோதனை அறிக்கையைக் கேள். அது இல்லாவிட்டால், நாளைக்கு உன்னிடம் வாங்க வருகிறவருக்கு வங்கி கடன் தரத் தயங்கும்.

அடுத்தது மாதச் செலவு. பராமரிப்புக் கட்டணம் ஒன்று, பழுதுபார்ப்பு நிதி இன்னொன்று. "நிதி மாதம் 8,000 யென்தான் மாமா" என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். எனக்கு அதுதான் பயம். நான் முதலில் வாங்கிய வீட்டிலும் இதே தொகைதான். தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் துருப்பிடித்த இரும்பு, மாற்றப் பணமில்லை. உரிமையாளர் கூட்டத்தில் தொகையைக் கூட்டலாம் என்றதும், ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் ஒரு பாட்டி எழுந்து, "நான் இன்னும் எத்தனை நாள் இருப்பேன், எனக்கெதற்குப் புதுக் குழாய்?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கும் அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. முதலீட்டுக்கு வாங்கிய வெளியூர்க்காரர்களோ வாக்குச் சீட்டையே திருப்பி அனுப்பவில்லை. இரண்டு வருடம் இழுத்தது. அதற்குள் என் குளியலறை ஒழுகி, கீழ்வீட்டுக் கூரை நனைந்து, நான் இனிப்புப் பெட்டியோடு போய்த் தலைகுனிந்து நின்றேன். கடைசியில் நிதி 19,000 ஆனது.

அதனால் அறையைப் பார்ப்பதற்கு முன் கூட்டக் குறிப்பேடு, நீண்டகாலப் பழுதுபார்ப்புத் திட்டம், நிதியின் கையிருப்பு, பாக்கி வைத்த வீடுகளின் கணக்கு ஆகியவற்றைத் தரகரிடம் வாங்கு. முந்தைய உரிமையாளர் வைத்த பாக்கி சட்டப்படி உன் தலையிலும் விழும். நீகாத்தாவின் யுசாவாவில், பனிச்சறுக்கு மோகக் காலத்தில் கட்டிய வீடுகள் ஒரு லட்சம் யென்னுக்கே விலைக்கு வந்திருக்கின்றன. ஏன் அந்த விலை என்று இப்போது புரிந்திருக்கும்.

"இடித்துக் கட்டினால் லாபம்தானே" என்கிறாய். அதற்கு உரிமையாளர்களில் 5-இல் 4 பங்கு சம்மதம் என்பது நெடுநாள் விதி. அண்மையில் சில நிபந்தனைகளோடு தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாட்டி கேட்ட கேள்விக்குச் சட்டத்தில் பதில் கிடையாது. நிலம் குத்தகையா என்பதையும் பார்த்துக்கொள்.

மற்றவை சில்லறை. வெளிநாட்டவர் வாங்கத் தடையில்லை. வாங்கியதற்காக விசாவும் தர மாட்டார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவதற்கு 2018-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி ஆண்டில் 180 நாள்தான் வரம்பு, அதையும் பல கட்டடங்களின் விதி தடுக்கும். வரி விவகாரங்களைக் கவனிக்க இங்கே ஓர் ஆள் நியமிக்க வேண்டும். அந்த ஆள் நானாக இருக்க மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் வருகிறாயே, முதலில் தபால்பெட்டிகளையும் சைக்கிள் நிறுத்தும் இடத்தையும் பார்ப்போம். பெட்டிகளில் விளம்பரத் தாள் பிதுங்கி நின்றால் மேலே ஏற வேண்டாம், நேரே வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடலாம். அதுவரை முன்பணம் அனுப்பாதே. தேக்கா சந்தையில் நல்லெண்ணெய் இரண்டு பாட்டில் வாங்கிவரச் சொன்னாள் அத்தை.

அன்புடன்,
மாமா