அந்நியரிடம் மரியாதை

 

மரியாதை எல்லா ஊரிலும் உண்டு. அதன் அடையாளந்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. தமிழ்நாட்டில் "வாங்க, என்ன வேணும்?" என்று உரக்கக் கேட்பது உபசாரம். வாங்கியவர் நன்றி கூறாமல் "வர்றேன்" என்று சென்றாலும் குறையில்லை.

பெர்மாஸ் ஜெயாவிலோ மலாய் முறையும் தெரிந்திருக்க வேண்டும். இங்கே தணிந்த குரலே பண்பு. 'தெரிமா காசி' என்றால் 'சாமா சாமா' என்று பதில் சொல்ல வேண்டும். சுட்டுவிரலை நீட்டாமல், விரல்களை மடக்கிப் பெருவிரலால் காட்டுவது வழக்கம். அறிமுகமில்லாத பெரியவரைக் 'காவ்' என்பது அவமதிப்பு. 'பாக் சிக்', 'மாக் சிக்' என்பதே முறை.

ஊரிலிருந்து புதிதாக வரும் கடைப்பிள்ளை மனத்தில் கள்ளமில்லாமலே 'முரடன்' என்று பெயரெடுத்துவிடுகிறான். வாடிக்கைக்காரர் சண்டையிடமாட்டார், மறுநாள் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆகவே, தராசு பிடிக்கக் கற்பிக்கும் நாளிலேயே இதையும் கற்பிப்பது முதலாளியின் கடமை.

1970இல் பிரகடனமான ருக்குன் நெகாராவின் ஐந்தாம் கோட்பாடும் நன்னடத்தையே. முகமன் கூறியவருக்கு அதனினும் அழகாகவோ, அதற்கு நிகராகவோ மறுமொழி கூறும்படி சூரா நிஸாவின் 86ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. அவருக்குப் புரியும் விதத்தில் கூறினாலல்லவா அது அழகாகும்?