மூத்தாப்பாவின் நாணயப் பெட்டிக்கு ஒரு தரவுத்தளம்

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிப்பவர்களுக்குத் தரவுத்தளம் என்றதும் மாணவர் அட்டவணை, பாட அட்டவணை, ஆசிரியர் அட்டவணை ஆகிய மூன்றும்தான் நினைவுக்கு வரும். பரீட்சைக்கு அவை போதும். ஆனால் ஓர் அட்டவணையை ஏன் இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது, கையில் பிடிக்கக்கூடிய பொருட்களைப் பதியத் தொடங்கும்போதுதான் உண்மையில் விளங்குகிறது. நான் எடுத்துக்கொண்ட பொருள் நாணயம். எங்கள் மூத்தாப்பாவிடம் பிஸ்கட் டின்கள் மூன்றில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட நாணயங்கள் இருக்கின்றன.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது எக்செலில் ஒரு நீண்ட தாள். நாடு, ஆண்டு, பெறுமதி, உலோகம், நிறை என்று நிரல்களைப் போட்டு, ஒரு நாணயத்துக்கு ஒரு நிரை எழுதலாம். ஐம்பது நாணயங்களுக்கு அது போதுமானது. இப்போது 1951ஆம் ஆண்டின் 50 சதம் ஏழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறாம் ஜோர்ஜ் மன்னர், நிக்கல் பித்தளை, வட்ட வடிவம் என்பவற்றை ஏழு தடவை எழுத வேண்டும். ஒரு நிரையில் 'நிக்கல் பித்தளை' என்றும் இன்னொன்றில் 'பித்தளை' என்றும் எழுதிவிட்டால், பிறகு தேடும்போது பாதிதான் கிடைக்கும். பாடநூல் இதைத் தரவு மிகைமை என்கிறது.

தீர்வு, 'வகை' வேறு, 'காசு' வேறு என்று பிரிப்பது. வகை என்பது அச்சுச்சாலை முடிவு செய்தது: எந்த நாடு, எந்தப் பெறுமதி, எந்த உலோகம், எவ்வளவு நிறை. காசு என்பது நம் டின்னுக்குள் கிடக்கும் அந்த ஒன்று: அதன் ஆண்டு, தேய்மானம், கீறல், யாரிடமிருந்து வந்தது. ஆகவே இரண்டு அட்டவணைகள். காசு அட்டவணையின் ஒவ்வொரு நிரையிலும் வகையின் இலக்கம் அந்நியச் சாவியாக நிற்கும். நிக்கல் பித்தளை என்பதை ஒரே இடத்தில் ஒரே தடவை எழுதினால் முடிந்தது.

எது தனி வகை என்று தீர்மானிப்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. 1942இன் 50 சதமும் 1943இன் 50 சதமும் ஒரே மன்னரின் காலத்தவை, ஒரே பெறுமதி. ஆனால் முன்னையது வெள்ளி கலந்தது, பின்னையது நிக்கல் பித்தளை. யுத்தகாலத்தில் உலோகம் மாறிவிட்டது. எனவே அவை இரண்டு வகைகள். 5 சதத்தைப் பாருங்கள்: விக்டோரியா மகாராணியின் காலத்தில் அது பெரிய செப்புக் காசு, பின்னர் மூலை மழுங்கிய சதுரமாகியது. உலோகமோ வடிவமோ முகமோ மாறினால் புதிய வகை, ஆண்டு மட்டும் மாறினால் பழைய வகை என்பது நான் வைத்துக்கொண்ட விதி. வேறொருவர் வேறு விதி வைக்கலாம். ஆனால் விதியை எங்காவது எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முந்நூறாவது காசில் நமக்கே மறந்துபோகும்.

முதன்மைச் சாவி பற்றி ஒரு வார்த்தை. 'இலங்கை-1951-50-03' என்று பொருள் பொதிந்த சாவி அழகாகத்தான் இருக்கும். ஆனால் தேய்ந்த காசில் 1951 என்று வாசித்தது பூதக்கண்ணாடியில் 1957 ஆகிவிட்டால் சாவியையே மாற்ற வேண்டும். உறையில் எழுதியதையும் புகைப்படக் கோப்பின் பெயரையும் மாற்ற வேண்டும். ஆகவே வெறும் 1, 2, 3 என்ற இலக்கமே நல்லது. ஒரு காசு தொலைந்தாலும் அதன் இலக்கத்தை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது.

பெறுமதியை '25 சதம்' என்று ஒரே புலத்தில் எழுத்தாகப் பதிந்தால், கணினி அதை எழுத்து வரிசையில் அடுக்கி, 10 சதத்தை 2 சதத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கும். எண்ணை ஒரு புலத்திலும் அலகை இன்னொரு புலத்திலும் வையுங்கள். எண்ணின் தரவு வகை தசமமாக இருக்கட்டும். 1870ஆம் ஆண்டு பொறித்த எங்கள் செப்புக் காசுகளில் கால் சதமும் அரைச் சதமும் உண்டு. நாட்டின் பெயரும் அப்படித்தான். 1972 மே மாதத்துக்கு முன் உலகுக்கு நாம் 'சிலோன்', பின்னர் 'ஸ்ரீ லங்கா'. தமிழில் எப்போதும் இலங்கை. மூன்றையும் விருப்பப்படி எழுதினால் தேடல் குழம்பும் என்பதால், வெளியிட்ட நாடு என்பதற்கும் தனி அட்டவணை வைத்தேன்.

எல்லாவற்றிலும் கடினமானது ஆண்டு. எங்கள் ஊரில் வளைகுடாவுக்குப் போகாத வீடு குறைவு. அதனால் மூத்தாப்பாவின் இரண்டாவது டின் முழுக்க ஹலாலாவும் பில்ஸும் திர்ஹமும். குவைத், ஐக்கிய அரபு அமீரகக் காசுகளில் ஹிஜ்ரி ஆண்டும் ஆங்கில ஆண்டும் சேர்ந்தே இருக்கும். சவூதியின் பழைய ஹலாலாக்களில் ஹிஜ்ரி மட்டும்தான், அதுவும் அரபு இலக்கத்தில். அரபு ஐந்து நம் பூச்சியத்தைப் போலவும் அரபுப் பூச்சியம் வெறும் புள்ளியாகவும் இருப்பதை ஓதப் போன பிள்ளைகள் அறிவார்கள். மற்றவர்கள் கவனமாக வாசிக்க வேண்டும். ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு ஏறத்தாழக் கிடைக்கும். 1408க்குச் செய்து பாருங்கள்: 1987.76. அந்த ஹிஜ்ரி ஆண்டு 1987 ஆகஸ்டில் தொடங்கி 1988இலும் சென்றது. ஒரு காசுக்கு இரண்டு ஆங்கில ஆண்டுகள்!

இதற்காக மூன்று புலங்கள் வைத்தேன். முதலாவது 'காசில் உள்ளபடி': அதில் கண்ணால் கண்டது மட்டும், எழுத்தாக. மற்றவை 'தொடக்க ஆண்டு', 'முடிவு ஆண்டு': அவை நாம் கணித்தவை, எண்களாக. 1951 காசுக்கு இரண்டிலும் 1951. 1408 காசுக்கு 1987, 1988. ஆண்டே பொறிக்கப்படாதவற்றுக்கும் இந்த முறை பொருந்துகிறது. யாழ்ப்பாண மன்னர்களின் நந்தி பொறித்த 'சேது' காசிலோ, பாரசீகத்து லார் நகரின் பெயரால் வழங்கிய, வெள்ளிக் கம்பியை வளைத்துச் செய்த லாரின் காசிலோ ஆண்டைத் தேடிப் பயனில்லை. நூற்றாண்டைத்தான் சொல்லலாம். தொடக்கமும் முடிவும் அந்த நூற்றாண்டின் எல்லைகளாகிவிடும். ஒன்றுமே தெரியாவிட்டால் வெறுமையாக விடுங்கள், பூச்சியம் போடாதீர்கள். பூச்சியம் என்பது ஒரு விடை, வெறுமை என்பது இன்னும் விடை இல்லை என்பது.

தரவுத்தளம் கேள்வி கேட்பதற்கானது. எங்கள் வீட்டில் முதல் வினவலைக் கேட்டது உம்மா: "டின்னுக்குள்ள வெள்ளி எவ்வளவு கிடக்கு புள்ள? ஸகாத்துக்குக் கணக்குப் பார்க்கணும்." 1892இல் வந்த வெள்ளி 50 சதத்தின் நிறை 5.83 கிராம், அதில் வெள்ளி ஆயிரத்துக்கு 800 பங்கு, ஆக 4.66 கிராம். 1919 முதல் அது 550 பங்காகக் குறைக்கப்பட்டது. 1957இன் புத்த ஜயந்தி 5 ரூபா 28.28 கிராம், 925 பங்கு, ஆக 26.16 கிராம். நிறையும் தூய்மையும் வகை அட்டவணையில் இருந்ததால், காசு அட்டவணையோடு இணைத்துப் பெருக்கிக் கூட்டும்படி ஒரே வினவல் எழுதினேன். மொத்தம் 190 கிராமுக்குச் சற்றுக் குறைவு. வெள்ளியின் நிஸாப் 595 கிராம் என்று கொள்ளப்படுகிறது. வீட்டிலுள்ள மற்றவற்றோடு சேர்த்து எப்படிப் பார்ப்பது என்பதை உம்மா மௌலவியிடம் கேட்டுக்கொண்டார்.

ஆனால் என் மனதில் பெரிதாக இருப்பது மூன்றாவது அட்டவணை. அதன் பெயர் 'வந்த வழி'. யார் கொடுத்தது, எப்போது, எங்கே, என்ன சொல்லிக் கொடுத்தார் என்பவை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது மூத்தாப்பாவின் முதல் தொகுப்பு அலுமாரியோடு போயிற்று. பட்டியல் எதுவும் இருக்கவில்லை. என்னென்ன இருந்தன என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கணக்குச் சொல்வார். இப்போதுள்ளது அதற்குப் பின் சேர்ந்தது. உலோகத்தையும் நிறையையும் நூறு வருடம் கழித்தும் யாரும் அளந்து பார்க்கலாம். 1955ஆம் ஆண்டின் அலை விளிம்பு 2 சதத்தை, சுனாமி முகாமில் பாய் போட்டு உறங்கிய பக்கத்து மனிதர் "நீங்க காசு சேர்த்தவராமே" என்று சொல்லிக் கையில் வைத்ததை, மூத்தாப்பா மட்டும்தான் சொல்ல முடியும். அவருக்கு எண்பத்தொரு வயது. பெயர்கள் மெல்ல நழுவத் தொடங்கிவிட்டன. ஆகவே வேலையின் ஒழுங்கை மாற்றினேன்: முதலில் 'வந்த வழி', மற்றவை பிறகு. அஸருக்குப் பின் பத்துக் காசுகளை அவர் முன் வைப்பேன். அவர் சொல்லச் சொல்ல, அவர் சொன்னபடியே தட்டச்சுச் செய்வேன். நினைவில்லை என்றால் வெறுமை.

சில சிறு விஷயங்கள். லிப்ரே ஆபிஸ் பேஸ் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டுத் தேவைக்கு அது தாராளம். புகைப்படத்தைத் தரவுத்தளத்துக்குள் திணிக்காமல் ஒரு கோப்புறையில் இட்டு, காசின் இலக்கத்தையே கோப்பின் பெயராக வையுங்கள். படம் எடுப்பதற்காகப் புளியோ எலுமிச்சையோ போட்டுக் காசைத் துலக்காதீர்கள். மேற்பரப்புப் போய்விட்டால் சேகரிப்பாளர் அதை மதிக்கமாட்டார். ஒரு காப்புப் பிரதியை வேறு வீட்டில், முடிந்தால் வேறு ஊரில் வையுங்கள். எங்களுடையது கண்டியில் சாச்சி வீட்டில் இருக்கிறது. பென் டிரைவ் ஒன்று, அதோடு 'வந்த வழி' அட்டவணையின் தாள் அச்சு.

இதுவரை 412 காசுகளுக்கு வழி எழுதியாகிவிட்டது. மூன்றாவது டின்னை நேற்றுத்தான் திறந்தோம்.