பொதிக்குதிரையின் குளம்பு

சங்கக் கணக்கில் பாக்கி என்று எழுதப்படும் தொகை ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. அக்காரணம் எப்போதும் ஏட்டில் அகப்படுவதில்லை. குதிரை வாங்கக் கடன் பெற்ற ஓர் அங்கத்தினரின் தவணை தவறியது குறித்து விசாரிக்க, கீழ்ப் பழனி மலையிலுள்ள ஒரு சிற்றூருக்கு நான் செல்ல நேர்ந்தது. விலை வீழ்ச்சி, விளைச்சல் குறைவு என்னும் பதிலையே எதிர்பார்த்தேன். அவரோ, "ஐயா, முதலில் குதிரையைப் பாருங்கள்" என்று சொல்லி லாயத்திற்கு அழைத்துச் சென்றார். குதிரை முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் நின்றது. குளம்பின் நுனி நீண்டு வளைந்து பிளந்திருந்தது. பிளவின் உள்ளே சீழ் கட்டியிருந்தது. வீட்டுத் திண்ணையில் காப்பி மூட்டைகள் கூரையைத் தொட அடுக்கியிருந்தன. அவற்றைச் சாலைக்குக் கொண்டு சேர்க்க வேறு வழியில்லை.

கால்நடை மருத்துவர் சீழை வெளியேற்றினார். சில மாதங்களில் குதிரை நடந்தது. தவணையும் நீட்டிக்கப்பட்டது. ஆயினும் அப்பருவத்தின் நல்ல விலை போனது போனதுதான். அரத்தால் அரை மணி நேரம் தேய்த்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய நஷ்டம் அது. ஆகவே இம்மாதப் பாடமாகக் குளம்புப் பராமரிப்பை எடுத்துக்கொள்வோம்.

நம் மலையும் குதிரையும்

கொடைக்கானலில் அமெரிக்கப் பாதிரிமார் 1845-இல் வீடுகள் கட்டிக் குடியேறினர். அக்காலத்தில் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து மனிதர் டோலியிலும் குதிரையிலும் ஏறினர். இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தில் மோட்டார்ச் சாலை அமைந்த பிறகும், சாலை எட்டாத ஊர்களுக்குக் குதிரையே வண்டியாயிற்று. வட்டக்கானலுக்கும் கும்பக்கரைக்கும் இடையிலுள்ள வெள்ளகவி இதற்கு நல்ல உதாரணம். பல தலைமுறைகளாக அவ்வூரின் விளைபொருள் குதிரை முதுகிலேயே மலையேறி வந்திருக்கிறது. அவ்வூர் எல்லைக்குள் செருப்பணியும் வழக்கமும் இல்லை. வெறுங்காலால் நடந்து பழகிய மனிதனின் பாதம் எவ்வாறு தடித்து உறுதிப்படுகிறதோ, அவ்வாறே குதிரையின் குளம்பும் நடையினாலேயே உறுதி பெறுகிறது. இதனை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

குளம்பின் அமைப்பு

குளம்பு உயிரற்ற மரக்கட்டையன்று. வெளியே தெரியும் கடினமான பகுதி சுவர். அடியில் சற்றே குழிந்திருப்பது அடித்தளம். சுவரும் அடித்தளமும் சேருமிடத்தில் ஓடும் வெளிறிய கோடு வெண்கோடு. குதிகாலிலிருந்து நுனி நோக்கி முக்கோணமாக அமைந்த, ரப்பரைப் போன்ற பகுதியை இங்கு நடுமெத்தை என்று குறிப்போம். குதிரை காலை ஊன்றும்போது குளம்பின் பின்பகுதி சற்றே விரிகிறது, தூக்கும்போது சுருங்குகிறது. இவ்வாறு அதிர்ச்சி தாங்கப்படுவதோடு இரத்த ஓட்டமும் உதவி பெறுகிறது.

சுவர் மாதந்தோறும் ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. ஆறு வாரத்தில் 12 முதல் 15 மில்லிமீட்டர் என்று கணக்கிடலாம். மயிர் முடியும் விளிம்பில் தோன்றும் புதுச் சுவர் நுனியை அடைய 9 முதல் 12 மாதம் ஆகும். எனவே இன்று செய்த தவற்றின் பலன் ஓராண்டு நீடிக்கும். இன்று செய்த நன்மையும் அவ்வாறே.

லாடம் வேண்டுமா?

ஆணி அடித்து லாடம் கட்டும் முறை ஐரோப்பாவில் பரவலானது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே. அதற்கு முன்பும் குதிரைகள் உழைத்தன. கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கப் படைத்தலைவர் ஜெனோபன், குளம்பு உறுதிப்படுவதற்காக லாய முற்றத்தில் உருண்டைக் கற்களைப் பரப்பி வைக்குமாறு தம் நூலில் அறிவுறுத்தினார். நம் காலத்தில், அமெரிக்க லாடத் தொழிலாளரான ஜெய்மி ஜாக்சன் 1982 முதல் 1986 வரை அந்நாட்டின் காட்டுக் குதிரைகளைக் கவனித்து 1992-இல் ஒரு நூல் வெளியிட்டார். கரடுமுரடான நிலத்தில் நெடுந்தூரம் நடக்கும் அக்குதிரைகளின் குளம்பு தானே தேய்ந்து, விளிம்பு உருண்டு, குட்டையாக இருப்பதை அவர் விளக்கினார். லாடமில்லாக் குளம்புப் பராமரிப்பு பல நாடுகளில் பரவியதற்கு இத்தகைய நூல்களும் காரணமாயின.

இதனால் லாடம் தீயது என்று நாம் முடிவு கட்டலாகாது. கணக்கு எளியது. வளர்ச்சி தேய்மானத்தைவிட மிகுந்தால் சீவ வேண்டும். தேய்மானம் வளர்ச்சியைவிட மிகுந்தால் குளம்புக்குப் பாதுகாப்பு வேண்டும். கல் பாதையில் நாள்தோறும் பாரம் சுமக்கும் குதிரைக்கும், ஏரியைச் சுற்றித் தார்ச் சாலையில் பயணிகளை ஏற்றும் மட்டக்குதிரைக்கும் லாடம் தேவைப்படலாம். இன்று குளம்பில் மாட்டிக் கழற்றும் உறைகளும் கிடைக்கின்றன. ஆனால் லாடம் கட்டிய குதிரையானாலும் ஆறு முதல் எட்டு வாரத்திற்கொரு முறை லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவியே திரும்பக் கட்ட வேண்டும். லாடம் இருக்கும்வரை சுவர் தேயாது, வளர்வதோ நிற்காது. லாடத்தை அடியோடு விட்டுவிட விரும்புவோர் அறுவடை நடுவில் அதனைச் செய்யலாகாது. வேலை குறைந்த மாதங்களில் கழற்றி, மென்மையான தரையில் பாரமின்றி நடத்தி, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கல் பாதைக்குப் பழக்குக.

சீவும் முறை

முதலில் குதிரையைச் சமதரையில் நிறுத்தி, பின் நடத்திப் பார்க்க. நொண்டுகிறதா, குளம்பின் முன்முகம் மேலுள்ள கணுக்காலின் சரிவோடு ஒரே கோட்டில் இருக்கிறதா என்று கவனிக்க. பிறகு காலைத் தூக்கி, குதிகாலிலிருந்து நுனி நோக்கி மண்ணையும் சாணத்தையும் அகற்றுக.

அடித்தளத்தில் உதிரும் செதில்களை மட்டும் எடுக்க. உயிருள்ள பகுதியைச் செதுக்கலாகாது. நடுமெத்தையில் தொங்கும் கிழிசலைத் தவிர வேறெதையும் வெட்டலாகாது. அழகுக்காக அதனைக் குறைப்போர் குதிரையின் மெத்தையையே பறிக்கின்றனர். குதிகாலின் இரு புறமும் ஒரே உயரமாக இருக்கும்படி அரத்தால் தேய்க்க. சுவர் அடித்தளத்தைவிட இம்மியளவே நீண்டிருந்தால் போதும். இறுதியாக வெளிவிளிம்பைச் சாய்வாகத் தேய்த்து உருட்டிவிடுக. பிளவு உண்டாவதை இது பெரிதும் தடுக்கும். அடியில் இளஞ்சிவப்பு நிறம் தென்பட்டால் உடனே நிறுத்துக. அதிகமாக நீண்ட குளம்பை ஒரே நாளில் சரிசெய்ய முயல்வது தவறு. மூன்று நான்கு வாரத்திற்கொரு முறை சிறிதளவு சீவி, சில மாதங்களில் நேர்படுத்துவதே முறை.

பருவமும் தீனியும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குளம்பு ஊறி மென்மையாகிறது. அதைத் தொடர்ந்தே காப்பி அறுவடையின் பாரம் வருகிறது. ஆகவே அறுவடைக்கு முன் ஒரு முறை தவறாமல் சீவ வேண்டும். லாயத்தில் ஈரம் தேங்கினால் நடுமெத்தையின் பள்ளங்களில் அழுகல் தோன்றும்; கரிய கசிவும் துர்நாற்றமும் அதன் அடையாளம். தரை உலர்ந்திருப்பதும் நாள்தோறும் குளம்பைச் சுத்தம் செய்வதுமே சிறந்த தடுப்பு.

வேலையில்லா நாட்களில் வேலை நாட்களின் அளவே கொள்ளும் தானியமும் வைப்பது ஆபத்து. மிகுதியான தானியத்தால் குளம்பின் உள்ளே வீக்கம் உண்டாகி, எலும்பைச் சுவரோடு பிணைக்கும் பகுதி நெகிழக்கூடும். குளம்பு சூடாக இருந்து, கணுக்காலுக்குக் கீழ் நாடி பலமாக அடித்து, குதிரை முன்னங்கால்களை நீட்டி நின்றால் ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவரை அழைக்க. ஆணி தைத்த குதிரைக்கும் அவ்வாறே. குதிரை இரணஜன்னிக்கு எளிதில் இலக்காகும் பிராணி. அதற்குரிய தடுப்பூசியை முன்னதாகவே போட்டுவைத்தல் நலம்.

பாரத்தையும் மறக்கலாகாது. நிற்கும் குதிரையின் எடையில் பாதிக்கு மேற்பட்ட பங்கை முன்னங்கால்களே தாங்குகின்றன; இறக்கத்தில் இது இன்னும் கூடுகிறது. 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி பொதி சுமக்கும் மட்டக்குதிரைக்கு 70 கிலோவும், கோவேறு கழுதைக்கு 200 கிலோவும் உச்ச வரம்பு. நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், இடையில் ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது.

சங்கம் செய்யக்கூடியது

நல்ல அரம், குறடு, குளம்புக் கத்தி ஆகியவற்றை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே வாங்க வேண்டுவதில்லை. பத்துக் குதிரைகள் உள்ள ஊருக்கு ஒரு தொகுதி போதும். ஊரில் ஓர் இளைஞர் அனுபவமுள்ள லாடக்காரரிடமும் கால்நடை மருத்துவரிடமும் பழகி இவ்வேலையைக் கற்கட்டும். கூலியை எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். குதிரைக்கொரு பக்கம் ஒதுக்கி, சீவிய தேதியைக் குறித்து வைக்கும் நோட்டுப்புத்தகம் ஒன்றும் சங்கத்தில் இருக்கட்டும். ஆறு வாரம் கடந்த பெயரைக் காரியதரிசி கூட்டத்தில் வாசித்தால் போதுமானது.

முற்கூறிய அங்கத்தினரின் லாயத்துக் கதவில் இன்று ஒரு நாள்காட்டி தொங்குகிறது. ஆறு வாரத்திற்கொரு தேதி கரியால் வட்டமிடப்பட்டிருக்கிறது. அவருடைய தவணைகளும் அதன்பின் தவறவில்லை.