நான்கு நிமிட மைல்

ஓடும் ஆற்றல் மனிதனுக்கு இயற்கை அளித்த செல்வம். ஆயினும், அச்செல்வம் நெடுநாள் நிலைப்பதன்று. கல்லூரியிற் பயிலும் இளைஞன் ஒருவன் ஓட்டத்தில் உச்சநிலை எய்தி விளங்கும் காலம் மூன்றாண்டுகளோ, ஐந்தாண்டுகளோதான். அதன்பின் தொழில் அழைக்கும்; குடும்பம் அழைக்கும்; உடலும் மெல்லத் தளரும். ஆதலின், ஓட்டத்தால் ஒருவன் பெறும் பயன் யாது என்னும் வினா எழுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மூன்று நாடுகளில் வாழ்ந்த மூன்று மாணவர்களின் வரலாறு இவ்வினாவிற்கு விடை பகரும்.

ஒரு மைல் என்பது 1,760 கெஜம். ஏறக்குறைய 1,609 மீட்டர். 440 கெஜம் சுற்றளவுள்ள ஓடுதளத்தில் அது நான்கு சுற்று. சுற்றொன்றுக்கு ஒரு நிமிடமாக நான்கு நிமிடத்திற்குள் மைலை ஓடி முடிக்க இயலுமா? இதுவே அந்நாளில் ஓட்டக்காரர்தம் உள்ளத்தை வாட்டிய கேள்வி. சுவீடன் நாட்டுக் குண்டர் ஹாக் 1945-ஆம் ஆண்டில் 4 நிமிடம் 1.4 விநாடியில் ஓடினார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் உருண்டோடின; அவ்வெல்லையைக் கடந்தார் ஒருவரும் இலர். மனித உடலால் இஃது ஆகாத செயல் என்று கூறியோரும் உண்டு. இரண்டே விநாடிகள் பெருஞ்சுவராய் நின்று வழி மறித்தன.

அச்சுவரை நோக்கிப் புறப்பட்டவர் மூவர். ஒருவர் இங்கிலாந்து நாட்டு ரோஜர் பானிஸ்டர். மற்றொருவர் ஆஸ்திரேலிய நாட்டு ஜான் லாண்டி. மூன்றாமவர் அமெரிக்க நாட்டு வெஸ் சான்டீ. மூவரும் கல்லூரி மாணவர். மூவரும் ஓட்டத்தைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்.

பானிஸ்டர் 1929-ஆம் ஆண்டில் பிறந்தவர். பள்ளிப் பருவத்தில் மேடும் பள்ளமும் சேறும் நிறைந்த நாட்டுப்புற வழிகளில் ஓடும் 'கிராஸ் கன்ட்ரி' ஓட்டத்தில் பரிசுகள் பெற்றார். 1946-இல், தம் பதினேழாம் வயதில், மருத்துவம் பயில ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் புகுந்தார். ஆங்கிருந்த பழைய ஓடுதளம் சமனற்றுக் கிடந்தது. மாணவர் ஓட்டச் சங்கத்தின் தலைவரானதும், அதனைத் திருத்திப் புதிதாய் அமைக்கும் பணியில் முன்னின்றார். அத்தளமே பின்னாளில் தமக்குப் புகழ்மேடையாகும் என்பதை அவர் அப்போது அறியார்.

லாண்டி மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை அறிவியல் பயின்றார். பகலெல்லாம் பாடம், படிப்பு முடிந்த பின்னர், ஊர் உறங்கும் வேளையில், வீட்டிற்கு அருகிலிருந்த பூங்காவில் தனியே ஓடிப் பயின்றார். சான்டீயோ கான்சாஸ் மாநிலத்தின் கால்நடைப் பண்ணையொன்றில் வளர்ந்தவர். பண்ணை வேலைகளுக்கிடையே ஓடி ஓடிக் கால்களை உரப்படுத்திக்கொண்டவர். கான்சாஸ் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, 1953-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடந்த கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் முதலிடம் பெற்றார். அவருடைய கல்லூரி அணியும் அவ்வாண்டு வெற்றி வாகை சூடியது.

1952-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நிகழ்ந்தன. மூவரும் அங்கே ஓடினர், மூவரும் தோற்றனர். லாண்டி முதற்சுற்றைக் கூடக் கடக்கவில்லை. 1,500 மீட்டரில் வல்லவரான சான்டீ, 5,000 மீட்டர் ஓட்டத்தில் மட்டுமே கலந்துகொள்ள நேர்ந்தது. அவரும் முதற்சுற்றோடு வெளியேறினார். பானிஸ்டர் வெல்வார் என்று இங்கிலாந்து மக்கள் நம்பியிருந்தனர். எதிர்பாராவகையில் ஓட்டத்திற்கு மேலும் ஒரு சுற்று சேர்க்கப்பட்டது. அளவாகப் பயின்றிருந்த அவர் உடல் சோர்ந்தது. 1,500 மீட்டர் இறுதி ஓட்டத்தில் நான்காவதாகவே அவரால் வரமுடிந்தது.

தோல்வி சிலரை வீழ்த்திவிடும். சிலரை விழிக்கச் செய்யும். இம்மூவரையும் அது விழிக்கச் செய்தது. அவ்வாண்டு ஹெல்சிங்கியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் வென்றவர் செக்கோஸ்லவாக்கிய நாட்டு எமில் ஸாட்டோபெக். அவர் எத்துணைக் கடுமையாகப் பயின்றார் என்பதை லாண்டி கண்டறிந்தார். ஊர் திரும்பியதும் தாமும் அவ்வழியே உழைத்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே 4 நிமிடம் 2.1 விநாடியில் மைலை ஓடி உலகை வியக்கச் செய்தார். மறு ஆண்டில் சான்டீ 4 நிமிடம் 2.4 விநாடியை எட்டினார்.

பானிஸ்டர் ஓட்டத்தை விட்டுவிடுவதா, தொடர்வதா என்று எண்ணிப் பார்த்தார். அப்போது அவர் இலண்டன் தூய மேரி மருத்துவமனையில் பயிலும் மாணவர். நோயாளிகளைக் காணுதல், நூல்களைக் கற்றல் ஆகிய பணிகளுக்கிடையே, நண்பகல் உணவு வேளையில் கிடைத்த சிறிது நேரமே அவருக்குப் பயிற்சி நேரம். அச்சிறு பொழுதையும் அறிவியல் முறையில் பயன்படுத்தினார். உடலுழைப்பின்போது மூச்சும் குருதியும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அவர் ஆக்ஸ்போர்டிலேயே ஆராய்ந்திருந்தார். 440 கெஜ ஓட்டத்தைப் பத்து முறை ஓடுதல். ஒவ்வொன்றிற்கும் இடையே இரண்டு நிமிடம் இளைப்பாறுதல். இதுவே அவர் கைக்கொண்ட பயிற்சி.

இப்பயிற்சியில் அவருக்கு இரு நண்பர்கள் துணை நின்றனர். ஒருவர் கேம்பிரிட்ஜில் பயின்ற கிறிஸ் பிராஷர். மற்றவர் ஆக்ஸ்போர்டில் பயின்ற கிறிஸ் சாட்டவே. சுற்றொன்றிற்கு 61 விநாடி என்னும் நிலை வந்தது. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. எத்துணை முயன்றும் பயனின்மை கண்ட பானிஸ்டரும் பிராஷரும் சில நாள் ஓட்டத்தையே மறந்து, ஸ்காட்லாந்து மலைகளில் ஏறித் திரிந்தனர். மீண்டு வந்து ஓடியபோது, சுற்றொன்று 59 விநாடியில் முடிந்தது! உழைப்பிற்கு ஓய்வும் ஓர் உறுப்பு என்பதை அவர்கள் உணர்ந்தனர்.

1954-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் வந்தது. அன்று காலை பானிஸ்டர் வழக்கம்போல் மருத்துவமனைக்குச் சென்றார். ஆய்வுக்கூடத்துச் சாணைக்கல்லில் தம் காலணியின் முட்களைத் தீட்டிக்கொண்டார். பின்னர் இரயிலேறி ஆக்ஸ்போர்டு சேர்ந்தார். மாலையில் காற்று கடுமையாக வீசிற்று. காற்றை எதிர்த்து ஓடினால் விநாடிகள் வீணாகும். ஓடுவதா, வேறொரு நாளுக்கு ஒத்திவைப்பதா? அருகிலிருந்த மாதாகோயிலின் உச்சியிற் பறந்த கொடியையே அவர் கண்கள் நோக்கிக்கொண்டிருந்தன. ஓட்டம் தொடங்கும் வேளையில் கொடி சிறிது துவண்டது. ஓடுவதென்று துணிந்தார்.

முதலிரண்டு சுற்றுகளிலும் பிராஷர் முன்னே ஓடி வேகம் வகுத்தார். பானிஸ்டர் அவரைத் தொடர்ந்தார். மூன்றாம் சுற்றில் பிராஷர் தளர, சாட்டவே முன்வந்தார். மூன்று சுற்று முடிந்தபோது கடிகாரம் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டியிருந்தது. கடைசிச் சுற்றை ஒரு நிமிடத்திற்கும் குறைவாக ஓடியாக வேண்டும். இறுதிச் சுற்றில் பானிஸ்டர் நண்பரைக் கடந்து பாய்ந்தார். கால்கள் கனத்தன, மூச்சு முட்டியது. எல்லைக் கோட்டைக் கடந்ததும் தம் நினைவிழந்தார்போல் பிறர் கைகளிற் சாய்ந்தார். ஒலிபெருக்கி, ஓடிய நேரத்தை அறிவிக்கத் தொடங்கியது. 'மூன்று' என்னும் சொல் காதில் விழுந்ததுதான் தாமதம். கூடியிருந்தோர் எழுப்பிய ஆரவாரத்தில் எஞ்சிய சொற்கள் மூழ்கிப் போயின. 3 நிமிடம் 59.4 விநாடி! சுவர் தகர்ந்தது.

புகழ் பானிஸ்டரைச் சேர்ந்தது. ஆயின், அப்புகழில் நண்பர் இருவருக்கும் பங்குண்டு. தாம் வெல்லமாட்டோம் என்பதை அறிந்தே, பிறன் ஒருவன் வெல்லுதற்பொருட்டுத் தம் வலிமை முழுவதையும் ஈந்தவர் அவர்கள்.

இருபத்தொன்பது நாள் கழித்துச் சான்டீ கலிபோர்னியாவில் ஓடினார். வழியில் 1,500 மீட்டரை 3 நிமிடம் 42.8 விநாடியில் கடந்து உலகச் சாதனை நிகழ்த்தினார். மைல் முடிவிலோ 4 நிமிடம் 0.6 விநாடி ஆகிவிட்டது. ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் அவரைத் தடுத்துவிட்டது. ஜூன் 21-ஆம் நாள் பின்லாந்தின் துர்க்கு நகரில் லாண்டி ஓடி, மைலை 3 நிமிடம் 58 விநாடியில் முடித்தார். பானிஸ்டரின் சாதனை நாற்பத்தாறு நாளே நிலைத்தது.

இருவருள் வல்லவர் யார்? ஆகஸ்ட் 7-ஆம் நாள் கனடா நாட்டு வான்கூவரில், காமன்வெல்த் நாடுகளின் பந்தயத்தில் இருவரும் எதிர்நின்றனர். லாண்டி தொடக்கமுதலே முன்னே பறந்தார். இடைவெளி பெருகியது, பின்னர் மெல்லக் குறைந்தது. இறுதி வளைவில் பானிஸ்டர் எங்குள்ளார் என அறிய, லாண்டி தலையை இடப்புறம் திருப்பினார். அக்கணமே பானிஸ்டர் வலப்புறமாகப் பாய்ந்து முன்சென்றார். பானிஸ்டர் 3 நிமிடம் 58.8 விநாடி, லாண்டி 3 நிமிடம் 59.6 விநாடி. ஒரே பந்தயத்தில் இருவர் நான்கு நிமிடத்திற்குள் ஓடியது அதுவே முதன்முறை. லாண்டியின் உள்ளங்காலில் பந்தயத்திற்கு முன்னர் ஏற்பட்ட வெட்டுக்காயம் இருந்தது; அதனைத் தம் தோல்விக்குக் காரணமாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

சான்டீக்குக் காலம் வேறுவகையாய் அமைந்தது. ஓட்டக்காரர் பொருள் ஈட்டலாகாது என்பது அந்நாளைய விதி; வழிச்செலவுக்குப் பெறும் பணத்திற்கும் அளவு உண்டு. அவ்வளவிற்கு மேற்பட்ட பணம் பெற்றார் என்று கூறி, 1956-ஆம் ஆண்டில் அவரைப் போட்டிகளிலிருந்து வாழ்நாள் முழுவதும் விலக்கினர். அவர் எட்டிய மிகச் சிறந்த நேரம் 4 நிமிடம் 0.5 விநாடி. நான்கு நிமிடச் சுவரை அவர் தொட்டார், கடக்கவில்லை. ஓட்டக்காரர் வெளிப்படையாகப் பொருள் பெறும் இந்நாளில் அத்தண்டனையை நினைப்போர், அதன் கடுமையை எண்ணி வருந்தாதிரார்.

அதே 1956-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மெல்போர்னில் ஆஸ்திரேலிய மைல் ஓட்டம் நடைபெற்றது. மூன்றாம் சுற்றில் பத்தொன்பது வயதினரான ரான் கிளார்க் என்னும் இளைஞர் கால் இடறி வீழ்ந்தார். பின்னே வந்த லாண்டி அவரைத் தாண்டிக் குதித்தார். குதிக்கையில் அவர் காலணி முள் இளைஞரின் கையைக் கீறிவிட்டது. லாண்டி நின்றார், திரும்பி வந்தார், குனிந்து நலம் கேட்டார். மற்றவரெல்லாம் நெடுந்தூரம் சென்றுவிட்டனர். இளைஞர் எழுந்தபின்னரே லாண்டி மீண்டும் ஓடத் தொடங்கினார். விரைந்து சென்று அனைவரையும் கடந்து, 4 நிமிடம் 4.2 விநாடியில் வெற்றியும் பெற்றார். உலகச் சாதனையைத் தந்த ஓட்டத்தினும் இவ்வோட்டத்தையே ஆஸ்திரேலிய மக்கள் பெரிதாகப் போற்றுகின்றனர். லாண்டி குனிந்து நிற்கும் அக்காட்சி பின்னாளில் மெல்போர்னில் சிலையாக வடிக்கப்பெற்றது. அவ்வாண்டு இறுதியில் அந்நகரில் ஒலிம்பிக் பந்தயம் தொடங்கியபோது, கிளார்க் ஒலிம்பிக் சுடரை ஏற்றினார். வீரர் அனைவர் சார்பிலும் லாண்டி உறுதிமொழி கூறினார்.

ஓட்டம் முடிந்தது, வாழ்வு தொடர்ந்தது. பானிஸ்டர் 1954-ஆம் ஆண்டிலேயே, தம் இருபத்தைந்தாம் வயதில், பந்தயங்களிலிருந்து விலகினார். நரம்பியல் மருத்துவராகி, உடலின் தன்னியக்க நரம்புகளைப் பற்றிப் பல்லாண்டு ஆராய்ந்தார். பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டுப் பெம்புரோக் கல்லூரியின் தலைவராகவும் விளங்கினார். நான்கு நிமிட மைலினும் மருத்துவப் பணியையே அவர் உயர்வாகக் கருதினார். நரம்பு நோய்களைத் தீர்க்க முயன்ற அவரையே முதுமையில் பார்க்கின்சன் என்னும் நரம்பு நோய் பற்றியது. அதனையும் மனந்தளராது ஏற்று வாழ்ந்து, 2018-ஆம் ஆண்டில் மறைந்தார். லாண்டி வேளாண்மை அறிவியல் துறையில் பணியாற்றி, இயற்கையைப் பற்றி நூல் எழுதி, 2001 முதல் 2006 வரை விக்டோரியா மாநிலத்தின் ஆளுநராக இருந்து, 2022-இல் மறைந்தார். சான்டீ தம் தாய்நாட்டுக் கடற்படைக் காலாட்படையில் கர்னல் நிலைக்கு உயர்ந்தார். காப்பீட்டுத் தொழிலும் நடத்தினார். 2010-ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

இன்று நான்கு நிமிட மைல் அரிய செயல் அன்று. 1999-ஆம் ஆண்டில் மொராக்கோ நாட்டு ஹிஷாம் எல் கெரூஜ் 3 நிமிடம் 43.13 விநாடியில் அதனை ஓடி முடித்தார். பானிஸ்டர் அன்று ஓடிய வேகத்தில் அவருடன் ஓடியிருப்பின், நூறு கெஜத்திற்கு மேல் பின்தங்கியிருப்பார். சாதனைகள் ஒன்றையொன்று விழுங்கும் இயல்பின. எனினும், நண்பனுக்காக முன்னோடியவரின் அன்பும், வீழ்ந்தவனுக்காகத் திரும்பி வந்தவரின் அருளும், ஓரிரு விநாடியில் பெரும்பேற்றை இழந்தும் வாழ்வில் தளராது நின்றவரின் உறுதியும் எக்காலத்தும் பின்தங்குவன அல்ல. மாணவப் பருவத்து ஓட்டம் மனிதனுக்கு அளிக்கும் அழியாச் செல்வம் அவையே.