கத்திரி வெயிலில் கூந்தலைக் காக்க: இப்போது செய்ய வேண்டியவை

சிவனையே குடுமிக்காரராக, சிகாநாதராகக் கும்பிடும் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலை. அங்கேயும் சித்திரை, வைகாசியில் தலைமுடி வைக்கோலாக நிற்கிறது என்ற புலம்பல் குறைவதில்லை. கத்திரி வெயிலின் புற ஊதாக் கதிர் முடியின் புரதத்தைச் சிதைக்கிறது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் முடிமேல் படிகின்றன. முடியின் மேற்செதில்கள் தூக்கிக்கொள்வதால் சீப்பு சிக்குகிறது, நுனி பிளக்கிறது.

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். பாட்டிலில் பாதி போர் தண்ணீர் பிடித்து, சீவிய துணி சோப்பைப் போட்டுக் குலுக்குங்கள். நுரைக்காமல் வெள்ளைத் திரிதிரியாக மிதந்தால் அது கடினநீர். அந்த வீட்டில் தலைக்குச் சோப்பு வேண்டவே வேண்டாம். அந்தத் திரிகள் முடியிலும் ஒட்டும். கடைசி இரண்டு செம்பு மட்டுமாவது காவிரிக் குடிநீரிலோ, கோடை மழையில் பிடித்துவைத்த நீரிலோ அலசுங்கள்.

அடுத்தது கண்டிஷனர். சேதமான முடியில் எதிர் மின்னேற்றம் அதிகம். கண்டிஷனரின் முக்கியச் சரக்குக்கு நேர் மின்னேற்றம். அதனால்தான் அலசிய பிறகும் அது நுனியில் தங்குகிறது. லேபிளில் பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரைமோனியம் குளோரைடு என்று ‘மோனியம்’ வருகிற பெயரைத் தேடுங்கள். செட்டில் ஆல்கஹால் என்றிருந்தால் பயப்படாதீர்கள்: அது முடியை உலர்த்தும் சாராயமல்ல, மெழுகு போன்ற கொழுப்பு. டைமெத்திகோன் என்பது சிலிக்கோன். முடிக்கு மேலே வழுக்கும் படலம் போடும்.

குவார் என்று தொடங்கும் நீண்ட பெயர் நம் கொத்தவரை விதைப் பிசின்தான். ஊறவைத்து அரைத்த வெந்தயத்தின் வழுவழுப்பும் அதே கேலக்டோமன்னன் வகை. ஆலையில் கொத்தவரைப் பிசினுக்கு நேர் மின்னேற்றம் ஏற்றுகிறார்கள். வெந்தயத்துக்கு அது இல்லாததால் பெரும்பகுதி அலசும்போதே போய்விடும். வெந்தயமோ செம்பருத்தி இலையோ தேய்ப்பவர்கள் அதை வாரம் ஒருமுறை தொடரலாம்.

தேங்காய் எண்ணெயைக் குளிக்கும் முன்பே தடவுங்கள். அதன் லாரிக் அமிலம் முடிக்குள் புகுந்து புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. மினரல் எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் அந்தப் பலன் இல்லை.

ஷாம்பு, சீயக்காய், அரப்பு எதுவானாலும் மண்டையில் மட்டும் தேயுங்கள். கண்டிஷனரைப் பாதி முடியிலிருந்து நுனிவரை தடவி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு அலசுங்கள். பளபளப்புக்காக எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள், தோல் வெந்துவிடும்.

மண்டையில் அரிப்பு, செதில், திட்டுத்திட்டாக முடி உதிர்வு இருந்தால் கண்டிஷனரை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.