மூன்று நொடி

வினா எழுப்பிய ஆசிரியர் விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? வகுப்பறையில் நிகழும் கருத்துப் பரிமாற்றத்தை ஆராய்வோர் பேச்சைக் குறித்துக்கொள்வது இயல்பு. பேச்சுக்கு இடையிலுள்ள மௌனத்தை அளந்தவர் அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ. 1963 முதல் வெளிவரும் ‘ஜர்னல் ஆஃப் ரிசர்ச் இன் சயின்ஸ் டீச்சிங்’ என்னும் ஆய்விதழில் அவருடைய கட்டுரைகள் 1974ஆம் ஆண்டு வெளியாயின.

தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளில் பதிவுசெய்யப்பட்ட 300க்கும் மேற்பட்ட ஒலிநாடாக்களை அவர் ஆராய்ந்தார். வினாவுக்குப் பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடியே காத்திருந்தனர். அதற்குள் விடை வாராவிடின் வினாவைத் திரும்பக் கூறினர். அல்லது வேறொருவரை எழுப்பினர். மாணவர் விடை கூறி முடித்தபின் ஆசிரியர் குறுக்கிட எடுத்துக்கொண்ட நேரம் அதனினும் குறைவு: 0.9 நொடி. எண்ணிப் பார்த்து வாக்கியம் அமைக்க ஒரு நொடி போதாது. மனப்பாடமாக உள்ள ஒரு சொல்லை ஒப்பிக்க மட்டுமே அது போதும்.

காத்திருக்கும் நேரத்தை மூன்று முதல் ஐந்து நொடிகளாக நீட்டிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. அதன்பின் மாணவர்களின் விடைகள் நீண்டன. விடையின்றி நிற்பது குறைந்தது. ஒருவர் கண்டதை மற்றவர் கண்டதோடு ஒப்பிட்டுப் பேசலாயினர். சான்று காட்டி முடிவுரைத்தனர். தாமே வினாக்களும் எழுப்பினர். விடையை ஐயத்தோடு, வினாவின் தொனியில் கூறும் வழக்கமும் குறைந்தது. தமிழில் இதனை எளிதில் உணரலாம். ‘ஆவியாதல்’ என்று கூறவேண்டிய மாணவர் ‘ஆவியாதலா?’ என்கிறார். இறுதியில் ஒட்டிய அந்த ஆகார வினாவெழுத்து, அறியாமையைவிட அச்சத்தையே பெரிதும் காட்டுகிறது.

ரோவின் ஆய்வில் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. கற்றலில் பின்தங்கியவர் என ஆசிரியர் கருதிய மாணவர்களுக்கே காத்திருக்கும் நேரம் மிகக் குறைவாகக் கிடைத்தது. கூடுதல் நேரம் தேவைப்பட்டவருக்குக் குறைந்த நேரம்! இதில் வன்மம் இல்லை. தடுமாறும் மாணவரைச் சங்கடத்திலிருந்து விடுவிக்கும் பரிவாகவும் இருக்கலாம். ஆயினும் அப்பரிவே அவர் வாயை அடைத்துவிட்டது. நேரம் நீண்டபோது, மெதுவாகக் கற்பவர் எனக் கருதப்பட்டோரிடமிருந்து வந்த விடைகளும் மிகுந்தன.

எல்லா வினாவுக்கும் இது பொருந்தும் எனக் கொள்ளவேண்டியதில்லை. ஏழெட்டு எத்தனை என்பதற்கு ஐந்து நொடி மௌனம் வீண். ‘ஏன்’, ‘எவ்வாறு’ எனத் தொடங்கும் வினாக்களுக்கே அது பயன்படும். அவற்றிலும் விடைக்குப் பின் வரும் இரண்டாம் இடைவெளியைப் பலர் மறந்துவிடுகின்றனர். மாணவர் நிறுத்தியவுடன் ‘சரி, நன்று’ என ஆசிரியர் கூறிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. அவர் சற்றே பேசாதிருந்தால், அம்மாணவர் ‘ஏனென்றால்’ எனத் தொடர்வார். அல்லது பின்வரிசையிலிருந்து இன்னொருவர், ‘நான் செய்தபோது அப்படி வரவில்லையே’ என்பார்.