பாதத்தை உயர்த்தும் மின்தூண்டல்: பக்கவாதத்திற்குப் பின் நடை

பக்கவாதத்திலிருந்து மீண்டவர் வீட்டுக்குள் நடப்பார்; வாசற்படியைத் தாண்டத் தயங்குவார். அடியெடுத்து வைக்கும்போது பாதம் தொங்கி, கால்விரல்கள் தரையில் உரசித் தடுக்கும். கோவில்பதாகை ஏரிக்கரைவரை நாள்தோறும் சென்றுவந்தவர்கூட விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தால் வீட்டோடு முடங்கிவிடலாம். இதனைப் ‘பாதத் தொய்வு’ என்பர்.

இந்நிலையில் காலின் நரம்பும் தசையும் பெரும்பாலும் நலமாகவே உள்ளன. பாதத்தை உயர்த்தும்படி மூளை இடும் கட்டளைதான் சரிவர வந்து சேர்வதில்லை. அக்கட்டளைக்கு மாற்றாகச் சிறு மின்னோட்டத்தை அளிப்பதே மின்தூண்டல் சிகிச்சை. அமெரிக்க மருத்துவர் லிபர்சனும் அவர் குழுவினரும் 1961இல் இம்முறையை வெளியிட்டனர்.

செயல்படும் விதம்

முழங்காலுக்குக் கீழே, காலின் வெளிப்புறத்தில் இரண்டு ஒட்டுப்பட்டைகள் பொருத்தப்படும். பலவகைக் கருவிகளில் காலணிக்குள் குதிகாலின் அடியில் ஒரு விசையும் இருக்கும். குதிகால் தரையைவிட்டு எழும்போது நரம்பு தூண்டப்பட்டுப் பாதம் உயரும். குதிகால் மீண்டும் ஊன்றியபின் தூண்டல் நிற்கும். தொடக்கத்தில் உணரப்படும் குறுகுறுப்பு பலருக்கு விரைவில் பழகிவிடும்.

அன்றாடக் கவனம்

பட்டை ஒட்டும் இடத்தை இயன்முறை மருத்துவரிடம் கற்று, அடையாளம் குறித்துக்கொள்ளுங்கள். இடம் சற்று விலகினாலும் பாதம் சரியாக உயராது. எண்ணெய் தடவிய தோலில் பட்டை ஒட்டாது. கழுவி, உலரவிட்டு ஒட்டுங்கள். கழற்றியபின் தோலைப் பாருங்கள். சிவப்பு மறையாவிடினும் கொப்புளம் தோன்றினாலும் கருவியை நிறுத்திவிட்டு மருத்துவரை அணுகுங்கள். காலில் உணர்வு குறைந்தவருக்குக் குடும்பத்தினரே இதனைப் பார்க்க வேண்டும். குளிக்கும்போதும் உறங்கும்போதும் கருவி வேண்டாம்.

இதயமுடுக்கி பொருத்தியவர்கள், கட்டுப்படாத வலிப்பு நோய் உள்ளவர்கள், கருவுற்ற பெண்கள், காலில் இரத்தக்கட்டு உள்ளவர்கள் மருத்துவரின் அனுமதியின்றி இதனைப் பயன்படுத்தலாகாது. நீரிழிவால் கால்நரம்பே பழுதுற்றிருந்தால் பயன் குறையலாம்.

குடும்பத்தினருக்கு

கருவியைக் கழற்றியதும் பாதம் மீண்டும் தொய்யலாம். பகலெல்லாம் நன்றாக நடந்தவர் இரவில் கழிவறைக்குச் செல்லும்போது விழ நேர்வது இதனால்தான். வழியில் விளக்கு எரியட்டும், கைத்தடி கட்டிலருகே இருக்கட்டும், மிதியடிகளை அகற்றிவிடுங்கள்.

கருவி பாதத்தை உயர்த்தும். தசைக்கு வலுவூட்டுவது அன்றாடப் பயிற்சியே. மருத்துவமனைக்கு வர இயலாதோர், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இல்லத்திலேயே இயன்முறை சிகிச்சை பெற அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.